பிள்ளையை நடிக்கக் கூப்பிட்டால்: குமரி மாவட்டத்துப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

முட்டத்துப் பாறையும் மாத்தூர் தொட்டிப்பாலமும் திற்பரப்பு அருவியும் இருக்கிற மட்டும் நம் ஊர்ப்பக்கம் சினிமாக்காரர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் யாராவது ஒரு அசோசியேட் டைரக்டர் உங்கள் பிள்ளையைப் பார்த்து, "இந்தப் பாப்பா யாரு?" என்று கேட்கலாம். பள்ளி ஆண்டு விழா வீடியோ கைமாறிக் கைமாறிப் போய், சென்னையிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ போன் வரலாம். அப்படி ஒரு போன் வந்த ராத்திரியில் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அந்த ராத்திரியில் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் குலசேகரத்துக்காரி. அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டு, அம்மாவுக்குத் தையல். ஏழு வயதிலிருந்து பதிமூன்று வயதுவரை மலையாளத்திலும் தமிழிலும் நடித்தேன், ஒரு தொடரிலும் இருந்தேன். படங்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை, இங்கே அதற்குத் தேவையில்லை. இப்போது அரசு வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறேன். செட்டுக்குள்ளே பிள்ளைக்கு என்ன நடக்கும் என்பதும், பிள்ளை சம்பாதித்த பணத்துக்கு வெளியே என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

பிள்ளை நடிப்பது முடியப்போகிற வேலை. பல் விழுந்து முளைக்கும், குரல் உடையும், ஒரு கோடை விடுமுறையில் நான்கு விரற்கடை உயரம் கூடும், அத்தோடு போன் வருவது நிற்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆகவே நிற்கிற நாளுக்கு வேண்டிய ஏற்பாட்டை முதல் கால்ஷீட் கொடுப்பதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். கீழே நான் சொல்கிற எல்லாமே அந்த ஏற்பாட்டின் பகுதிதான்.

"கமல்ஹாசன் சின்னப் பிள்ளையிலேயே நடிச்சவர்தானே, அவர் நிக்கலியே?" என்று யாராவது கேட்பார்கள். என் அப்பாவிடமும் கேட்டார்கள். 1960இல் களத்தூர் கண்ணம்மாவில் அறிமுகமான அந்தச் சிறுவன் அங்கிருந்து நேராகக் கதாநாயகன் ஆகிவிடவில்லை. நடுவில் டி.கே.எஸ். நாடக சபையில் பயிற்சி, நடனக் குழுவில் உதவியாளர் வேலை என்று பல வருடம் கழிந்தது. 'கன்னியாகுமரி' என்ற மலையாளப் படத்தில் கதாநாயகனாக வந்தது 1974இல்தான். அந்த டி.கே.எஸ். சகோதரர்கள் சங்கரதாஸ் சுவாமிகளின் பால சபையில் சிறுவர்களாக வேஷம் கட்டி வளர்ந்தவர்கள். நம் ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனும் பதின்ம வயதில் அவர்கள் கம்பெனியில் சேர்ந்துதான் நடிகரானார். சிறுவர்களே நடித்த அந்த பாய்ஸ் கம்பெனிக் காலத்திலேயே மகரக்கட்டு வந்தால், அதாவது குரல் உடைந்தால், பெண் வேஷம் போகும், பாட்டு போகும், பையனுக்கு அடுத்து என்ன என்ற கேள்வி வரும். நாடகக் கம்பெனி ஒரு வீடு மாதிரி பையனை உள்ளேயே வைத்து வேறு வேலை பழக்கியது. இன்றைய சினிமாவில் அந்த நடுக்காலத்துக்குப் பொறுப்பு ஏற்க யாரும் இல்லை. அது அப்பா அம்மாவின் தலையில்தான் விழும்.

கூப்பிடுகிறவர் யார்?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடிக்க வைப்பதற்குப் பணம் கேட்டால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், போட்டோ ஆல்பம், பயிற்சி வகுப்பு, உறுப்பினர் அட்டை என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. உண்மையான கம்பெனி உங்களுக்குப் பணம் தரும், உங்களிடம் வாங்காது. லாட்ஜ் அறையில் ஆடிஷன் என்றால் போக வேண்டாம். பள்ளி அரங்கிலோ ஊர் நூலகத்திலோ நாலு பேர் பார்க்க நடத்தச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் பெயர், படத்தின் பெயர் இரண்டையும் எழுதி வாங்கி, சென்னையில் தயாரிப்பாளர் சங்கத்திலோ வர்த்தக சபையிலோ அந்தப் படத்தலைப்பு பதிவாகியிருக்கிறதா என்று விசாரியுங்கள். ஏற்கெனவே ஒரு படம் எடுத்தவர்கள் என்றால், அதில் நடித்த பிள்ளையின் அம்மாவிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். நல்ல கம்பெனி தயங்காமல் நம்பர் கொடுக்கும்.

கலெக்டர் அனுமதி

நான் நடித்த காலத்தில் இதெல்லாம் கிடையாது. இன்று இருக்கிறது. ஆனாலும் எங்கள் கிளைக்கு வருகிற பெற்றோரில் பலருக்கு இது தெரிந்திருப்பதில்லை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். அதன்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. சினிமா, சீரியல், விளம்பரம் போன்றவற்றில் நடிக்க, பள்ளிப் படிப்பு கெடாமல் இருந்தால், விலக்கு உண்டு. சர்க்கஸுக்கு அந்த விலக்கும் இல்லை. 2017இல் வந்த விதிகளில் நடிக்கும் பிள்ளைகளுக்கான நிபந்தனைகள் இருக்கின்றன. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் நடிக்க வைக்கக் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பொறுப்பாளர் இருக்க வேண்டும். பிள்ளைக்கு விருப்பமில்லாததைச் செய்யச் சொல்லக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நேரடியாக வைப்பு நிதியாகப் போட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் உறுதிமொழி எழுதிக் கொடுத்து மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டியது தயாரிப்பாளர். அந்த உறுதிமொழி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். படப்பிடிப்பு எந்த மாவட்டத்தில் நடக்கிறதோ அந்த மாவட்டத்து ஆட்சியரிடம் வாங்க வேண்டும். முட்டத்தில் எடுத்தால் நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ், திருவல்லத்தில் எடுத்தால் திருவனந்தபுரம். இது மத்தியச் சட்டம், களியக்காவிளை தாண்டினாலும் கூடவே வரும். உங்களிடம் சம்மதக் கையெழுத்து வாங்க மேனேஜர் வருவார். அப்போது, "அனுமதிக் கடிதத்தோட நகல் ஒண்ணு தாங்க சார், பைல்ல வச்சுக்கிடுதோம்" என்று அமைதியாகக் கேளுங்கள். சண்டை போட வேண்டாம். அப்படிக் கேட்கிற அம்மாவின் பிள்ளையை யூனிட்டில் எல்லோரும் கவனமாக நடத்துவார்கள்.

ஐந்து மணி நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்றும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கேமரா ஓடுகிற நேரம் சில நிமிடங்கள்தான். காலையில் மேக்கப் போட்டு உட்கார வைத்துவிட்டு, வெளிச்சம் சரியில்லை, பெரிய நடிகர் வரவில்லை என்று மத்தியானம்வரை இழுப்பார்கள். அவ்வளவு நேரமும் சட்டை கசங்காமல், பவுடர் கலையாமல், தூங்காமல் உட்கார்ந்திருப்பதுதான் பிள்ளைக்கு மிகப் பெரிய வேலை. மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

பணம்

என் சம்பளம் கவரில் வந்தது. அப்பா வாங்கிச் சட்டைப்பையில் வைப்பார். ஓடு மாற்றிக் கான்கிரீட் போட்டோம், கிணற்றுக்கு மோட்டார் வந்தது, ஒரு சித்தியின் கல்யாணத்துக்குக் கொஞ்சம் போனது. எல்லாமே நல்ல காரியம்தான், யாரும் சூதாடித் தொலைக்கவில்லை. ஆனால் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று ஒரு வரிகூட யாரும் எழுதி வைக்கவில்லை. வளர்ந்த பிறகு அண்ணனும் நானும் அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பேச்சு முறுகிப் போகும். கணக்கு இருந்திருந்தால் அந்த முறுக்கு வந்திருக்காது. ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, படம், பேசிய தொகை, வந்த தொகை, எதற்குச் செலவானது. பிள்ளைக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்ததும் அந்த நோட்டை அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து பான் எண். மைனர் பிள்ளைக்கும் வாங்கலாம், விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். கம்பெனி சம்பளத்தில் வழக்கமாக 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு தரும். பான் எண் இல்லாவிட்டால் பிடிப்பது 20 சதவீதம். பிள்ளை தன் திறமையால் சம்பாதித்த பணம் பிள்ளையின் வருமானமாகத்தான் கணக்காகும், பெற்றோர் வருமானத்தோடு சேராது. அந்த வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால், பிள்ளையின் பெயரில் ரிட்டர்ன் போட்டு, பிடித்த வரியைத் திரும்ப வாங்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அந்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டு வருகிற வட்டி, அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருடைய வருமானத்தோடு சேரும். தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள ஒரு ஆடிட்டரிடம் வருடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால் போதும்.

20 சதவீதம் என்பது சட்டம் சொல்கிற குறைந்தபட்சம். வீட்டில் அடுப்பு எரிய வேறு வருமானம் இருந்தால் பாதியாவது போடுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆறு வயதுப் பிள்ளையின் பெயரில் 1 லட்சம் போட்டு, 7 சதவீத வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்த்துக்கொண்டே வந்தால், பத்து வருடத்தில் அது 2 லட்சம் ஆகிவிடும். வட்டி விகிதம் கூடும் குறையும், ஆனால் பெருகுகிற விதம் இதுதான். பிள்ளைக்கு 18 ஆவதற்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். வழக்கமாக எங்கள் வங்கிகளில் வைப்பு நிதியை ஒரே முறையில் பத்து வருடத்துக்கு மேல் போட முடியாது. முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது சேமிப்புக் கணக்கில் வந்து விழும். விழுந்த பணம் வீட்டில் ஏதாவது ஒரு தேவையைத் தேடிக்கொண்டு போய்விடும்.

பிள்ளை பெயரில் உள்ள டெபாசிட்டை இடையில் உடைக்க வருகிறவர்களிடம், இது பிள்ளையின் நன்மைக்காகத்தான் என்று எழுதி வாங்குவோம். கவுன்டரில் உட்கார்ந்து அப்படி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கார், கடன், நாத்தனார் வீட்டு விசேஷம். பேனா ஒரு நிமிடம் நிற்கும், பிறகு எழுதிவிடுவார்கள். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் உடைப்போம் என்று கணவனும் மனைவியும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அதைக் கேட்காவிட்டாலும் உங்களுக்குள் அந்தப் பேச்சு இருக்கட்டும். நம் ஊரில் பணம் வந்தால் முதலில் சென்ட் கணக்கில் நிலம் வாங்கத்தான் தோன்றும். வாங்கினால் பிள்ளை பெயரிலேயே வாங்குங்கள். மைனர் பெயரில் உள்ள நிலத்தை விற்கக் கோர்ட் அனுமதி வேண்டியிருக்கும், அந்தத் தடையே பிள்ளைக்குப் பாதுகாப்பு. சீட்டில் போட வேண்டாம்.

செட்டில்

அம்மாவோ அப்பாவோ பிள்ளையின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். கேமராவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி போதும். இதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். "அம்மா பக்கத்துல இருந்தா பிள்ளைக்குக் கூச்சம் வருது, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்பார்கள். கூச்சம் வந்தால் வரட்டும், இரண்டு டேக்கில் சரியாகிவிடும்.

இது எனக்கு நடந்தது. ஒரு தமிழ்ப் படத்தில் நான் பஸ் ஸ்டாப்பில் நின்று அழ வேண்டும். கிளிசரின் போட்டார்கள். கண் சிவந்தது, தண்ணீர் வந்தது, முகத்தில் மட்டும் அழுகை வரவில்லை. யூனிட்டில் ஒருவர் வந்து என் காதோடு, "உங்கம்மா உன்ன விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க" என்றார். அம்மாவை ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நிற்கச் சொல்லியிருந்தார்கள். திரும்பிப் பார்த்தேன், நாற்காலி காலியாக இருந்தது. ஒரே டேக்கில் ஓகே ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள், ஒருவர் சாக்லேட் தந்தார். அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு படிக்கிற வரையிலும் பஸ்ஸில் அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொள்ளாமல் நான் உட்கார்ந்ததில்லை. திரையில் அந்தக் காட்சி நன்றாகத்தான் வந்திருந்தது. அது நடிப்பு அல்ல என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

அழுகைக் காட்சி இருக்கிறதா என்று கதை கேட்கும்போதே கேளுங்கள். இருந்தால், பொய் சொல்லியோ பயமுறுத்தியோ கிள்ளியோ அழ வைக்க மாட்டோம் என்று டைரக்டரே வாயால் சொல்ல வேண்டும். வேறு வழி நிறைய இருக்கிறது. பிள்ளையை இரண்டு சுற்று ஓடவிட்டு மூச்சு வாங்கும்போது எடுக்கலாம். முதுகுப் பக்கமிருந்து தோள் குலுங்குவதை எடுக்கலாம். முகத்தைத் தனியாக எடுத்துப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கிளிசரினைக் கண்ணுக்குள் விடாமல் கீழ் இமைக்கு அடியில் ஒரு துளி வைத்தால் போதும், எரிச்சல் இருக்காது. இதெல்லாம் தெரிந்த டைரக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் நடித்த மலையாளப் படம் ஒன்றில் டைரக்டர் தரையில் என்னோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதையில் அந்தப் பெண்ணின் ஆட்டுக்குட்டி எப்படிச் செத்தது என்று முழுக்கச் சொன்னார். கேட்டு நானே அழுதேன். முடிந்ததும் அவரே ஒரு உயிருள்ள ஆட்டுக்குட்டியைத் தூக்கிவந்து காட்டினார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

பேக்கப் ஆனதும் பிள்ளையை அந்த வேஷத்திலிருந்து வெளியே கொண்டுவர ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். என் அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டு மேக்கப்பைத் துடைப்பாள், வீட்டு உடுப்பை மாட்டிவிடுவாள், "மக்களே, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்பாள். யூனிட்டில் எல்லோரும் பாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார்கள், அம்மா மட்டும் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பையில் என்ன வைக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: தண்ணீர், மட்டிப்பழம், தொப்பி, மாற்று உடுப்பு, செருப்பு. செருப்பை மறக்கவே வேண்டாம். கடலோரப் பாறையில் வெறுங்காலோடு ஓடுகிற காட்சியை உச்சி வெயிலில் எடுப்பார்கள், கட் சொன்ன நொடியில் ஓடிப்போய்க் காலில் போட்டுவிட வேண்டும். முட்டம் மாதிரி இடங்களில் பாறை விளிம்புக்குப் பக்கத்தில் எடுப்பதாக இருந்தால், அந்தக் கடற்கரையை அறிந்த உள்ளூர் மீனவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேளுங்கள். அலை எப்போது ஏறும் என்று சென்னை ஆட்களுக்குத் தெரியாது. பால்பல் ஆடத் தொடங்கியிருந்தால் கன்டினியூட்டி (ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் தோற்றம் மாறாமல் இருக்கிறதா என்று) பார்க்கிற அசிஸ்டென்டிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், குளோசப்பை முன்னால் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு காட்சியின் நடுவில் முன்பல் விழுந்தது, மீதியை வாயை மூடியே நடித்தேன்.

உடுப்பு மாற்றுகிற இடம் தனியாக வேண்டும். பெரியவர்களோடு பொது அறையில் மாற்ற வேண்டாம். கேரவனுக்குள் பிள்ளை தனியாக யாரோடும் இருக்க வேண்டாம், அது எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. பிள்ளையிடம், "யாராச்சும் தொட்டு உனக்குப் பிடிக்கலன்னா, சீன் நடுவுல இருந்தாலும் கத்து. படம் நின்னா நிக்கட்டும்" என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். 1098 என்ற எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது, காசில்லாமல் பேசலாம்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பேச்சு சென்னையில் இருந்து வருகிறவர்களுக்குப் புதிதாக இருக்கும். பிள்ளை "என்னத்துக்கு?" என்று கேட்டாலே சிரிப்பார்கள். வசனத்துக்காக வேறு மாதிரி பேசப் பழகுவதில் தப்பில்லை, அதுவும் ஒரு வித்தைதான். ஆனால் பல படங்களில் பிள்ளைகளுக்கு வேறு யாராவது டப்பிங் பேசுவார்கள், பெரிய பெண்களே பேசுவதும் உண்டு. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாகர்கோவிலில் தியேட்டரில் சொந்தக்காரர்கள் ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருக்க, என் வாய் அசைந்தது, வேறொரு குரல் வந்தது. "எனக்கு என்னம்மா ஆச்சு?" என்று அங்கேயே கேட்டேன். பிள்ளையின் சொந்தக் குரல் வருமா என்று முதலிலேயே கேளுங்கள். வராது என்றால், படம் வெளிவருவதற்கு முன்னால் பிள்ளையை உட்கார வைத்து விளக்குங்கள். முடிந்தால் டப்பிங் தியேட்டருக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொல்லுங்கள்.

பள்ளி

தலைமையாசிரியரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லாமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கால்ஷீட்டைக் கூடியமட்டும் மே மாதத்தில் கேளுங்கள். ஓணத்துக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு என்பது சென்னை மேனேஜருக்குத் தெரியாது, அந்த மாதிரி நாட்களைக் குறித்துக் கொடுங்கள். அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வு நாட்களை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ஒரு வகுப்புத் தோழி வீட்டிலிருந்து நோட்டு வாங்கி எழுதும் வேலையை அம்மா செய்யாமல் பிள்ளையே செய்யட்டும், அந்தச் சிநேகிதம் பிறகு உதவும். கணக்குப் பாடம்தான் விட்டால் பிடிக்க முடியாது. மற்றப் பாடங்களை ரயிலில் படித்துக்கொள்ளலாம்.

வீட்டில் இருக்கிற இன்னொரு பிள்ளை

அம்மா என்னோடு சென்னைக்கு ரயிலேறினால் அண்ணன் பாட்டி வீட்டில் இருப்பான். அவனுக்கு அம்மை போட்டபோது அம்மா என்னோடு ஸ்டூடியோவில் இருந்தாள். அவன் எதையும் கேட்டதில்லை, அதனால் எல்லோரும் அவனைச் சமர்த்து என்றார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு சமர்த்துப் பிள்ளை இருந்தால், போய்வருகிற முறையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவை அம்மா, ஒரு தடவை அப்பா, விடுமுறை நாளில் எல்லோரும். ஊரில் விசேஷத்துக்குப் போனால் நடிக்கிற பிள்ளையைத்தான் நாலு பேர் சூழ்வார்கள். அப்போது மற்ற பிள்ளையின் கையை நீங்கள் பிடித்துக்கொண்டிருங்கள்.

நின்ற பிறகு

நிற்கப்போவதைப் பிள்ளைதான் முதலில் உணரும். எனக்கு பன்னிரண்டு வயதில் சின்னப் பெண் உடுப்பை இறுக்கிப் போட்டு, இரண்டு வயது குறைத்துச் சொல்லச் சொன்னார்கள். மார்பு தெரியாமல் இருக்க உள்ளே துணி சுற்றினார்கள். தயவுசெய்து இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். வளர்வது ஒரு குற்றம் என்ற எண்ணம் அந்தத் துணியோடு சேர்ந்து உடம்பில் ஏறும். வேடத்துக்கு உயரம் கூடிவிட்டதென்றால், "கூடட்டும், நல்லா வளருது பிள்ளை" என்று பிள்ளையின் முன்னாலேயே மேனேஜரிடம் சொல்லுங்கள்.

பிறகு ஊர்க் கேள்வி வரும். கல்யாண வீடு, சர்ச் முற்றம், கோயில் கொடை, வடசேரி பஸ் ஸ்டாண்ட், எங்கே போனாலும், "இப்ப படம் ஒண்ணும் இல்லியா?" கேட்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சுகமா என்று கேட்பது போலத்தான் கேட்கிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையின் காதில் அது, தேறவில்லையா என்று விழும். அந்தக் கேள்விக்குப் பிள்ளை வாய் திறக்கும் முன் நீங்கள் பதில் சொல்லிவிடுங்கள். "அது முடிஞ்சுது மாமி, இப்போ ஒன்பதாங்கிளாஸ்" என்று சாதாரணக் குரலில். சலிப்பும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம். நாலைந்து தடவை நீங்கள் சொல்லக் கேட்டால் பிள்ளையும் அதே குரலில் சொல்லப் பழகிவிடும்.

மூன்று மாதம் யாரும் கூப்பிடவில்லை என்றதும் ஆபீஸ் ஆபீஸாகப் போட்டோவைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டாம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏறவே வேண்டாம். வரவேற்பறையில் உட்கார்ந்து வேண்டாம் என்று கேட்டுவிட்டு வருவது ஒரு பெரிய ஆளுக்கே கஷ்டம். கலை மேல் உண்மையாகவே ஆசை இருந்தால் அதை வேறு இடத்தில் வளர்க்க வழி உண்டு. பள்ளி நாடகம், பாட்டு, வில்லிசை, டப்பிங், எடிட்டிங், ஒலிப்பதிவு. கேமராவுக்குப் பின்னால் இருக்கிற வேலைகளைச் சிறு வயதிலேயே பக்கத்திலிருந்து பார்த்த பிள்ளை உங்கள் பிள்ளை. லைட்மேன் அண்ணனிடமும் எடிட்டரிடமும் கேள்வி கேட்க விடுங்கள் என்று நான் சொல்வது அதற்காகத்தான்.

என் காலத்தில் படம் தியேட்டரை விட்டுப் போனால் போனதுதான். இப்போது ஒரு காட்சியை வெட்டி எடுத்து வருடக்கணக்காகப் போனில் சுற்றவிடுகிறார்கள். பிள்ளை அழுத முகத்தின்மேல் யாரோ எதையோ எழுதிச் சிரிப்பார்கள். பிள்ளையின் பெயரில் நீங்கள் கணக்குத் தொடங்கிப் படம் போட்டுக்கொண்டே இருந்தால் அதற்கு இன்னும் தீனி கிடைக்கும். வீட்டுப் படம், பள்ளிச் சீருடைப் படம், குளிக்கிற படம் எதையும் வெளியே போடாதீர்கள். பத்து வயதுக்கு மேல் எந்தப் படத்தைப் போடுவதானாலும் பிள்ளையிடம் கேட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். ஆபாசமாக யாராவது எதையாவது செய்தால் சைபர் கிரைம் எண் 1930இலோ, மாவட்ட சைபர் கிரைம் போலீசிலோ உடனே புகார் கொடுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு.

ஷீல்டும் போட்டோவும் எங்கே வைப்பது என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். பிள்ளையின் கைக்கு எட்டுகிற இடத்தில், வருகிறவர்கள் கண்ணில் முதலில் படாத இடத்தில் என்று சொன்னேன். பிள்ளை பார்க்க விரும்பும்போது எடுத்துப் பார்க்கட்டும். என் ஆல்பம் அம்மாவின் தையல் மிஷின் டிராயரில் இருந்தது. கோபம் வந்த வருடங்களில் அதைத் தொடவே மாட்டேன், பிறகு ஒருநாள் எடுத்து என் மகளுக்குக் காட்டினேன்.

18 வயது நிறைந்ததும் வங்கிக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மைனர் கணக்கு அன்றோடு மாறும். புதுக் கையெழுத்து, ஆதார், பான், புகைப்படம் கொடுத்துக் கணக்கைத் தன் பெயருக்கு முழுதாக மாற்றிக்கொள்ளும்வரை பணம் எடுக்க முடியாது. அதனால் பிறந்தநாளுக்கு முந்தின மாதமே காகிதங்களைத் தயார் செய்யுங்கள். மைனர் பான் அட்டையில் போட்டோவும் கையெழுத்தும் இருக்காது, அதையும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். டெபாசிட் ரசீதுகள் எல்லாவற்றையும், கூடவே அந்த நாற்பது பக்க நோட்டையும் எடுத்து வாருங்கள். கையெழுத்துப் போடும்போது நீங்கள் ஒரு நாற்காலி தள்ளி உட்காருங்கள். என்ன செய்யப் போகிறாய் என்று கவுன்டரில் வைத்துக் கேட்க வேண்டாம்.